நரகத்தை ஆற்றிய ஊர்

பெப்பு நகரத்தில் சாக்கடை மூடியின் ஓட்டை வழியாகக்கூட ஆவி வரும். வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் நடுவே துருப்பிடித்த குழாய் ஒன்று நின்று வெள்ளை வெள்ளையாகக் கக்கிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். குளிர்காலக் காலையில் மேட்டிலிருந்து பார்க்கிற வெளியூர்க்காரருக்கு ஊரே பற்றி எரிகிறதோ என்று பதறும். உள்ளூர்க்காரர் அந்த ஆவிக்கு நடுவே துணி உலர்த்திக்கொண்டிருப்பார்.

ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளில் தென்மேற்கே இருப்பது கியூஷூ. அதன் கிழக்குக் கரையில், ஒய்தா மாகாணத்தில், முன்னே விரிகுடாவும் பின்னே எரிமலைகளுமாகச் சரிவில் அமைந்த ஊர் பெப்பு. மக்கள்தொகை சுமார் 1,15,000. நம் கணக்கில் ஒரு நடுத்தர நகராட்சி. ஆனால் அங்கே 2,000-க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 80,000 லிட்டருக்கும் மேலாகச் சுடுநீர் மேலே வருகிறது. ஊற்றுகளின் எண்ணிக்கையிலும் நீரின் அளவிலும் ஜப்பானில் வேறெந்த ஊரும் அதற்கு ஈடில்லை. கொரோனாவுக்கு முன் ஆண்டுக்கு 80 லட்சம் பேர் வரை வந்துபோனார்கள்.

வருகிறவர்கள் இரண்டைத் தேடி வருகிறார்கள். ஒன்று ‘ஜிகோகு’, அதாவது நரகம். மற்றது ‘ஒன்சென்’ என்கிற வெந்நீர் ஊற்றுக் குளியல். பகலில் சீட்டு வாங்கிக்கொண்டு நரகங்களைச் சுற்றிப் பார்க்கிறார்கள்; மாலையில் விடுதிக்கு வந்து தொட்டியில் இறங்கிக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். பகலில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மிரண்டு பார்த்த நீரும், மாலையில் கழுத்தளவு அமிழ்ந்து சுகம் கண்ட நீரும் ஒரே மலையின் அடிவயிற்றில் பிறந்தவை. ஒன்று 98 டிகிரி. மற்றது 42. இடையில் இருக்கிற அந்த 56 டிகிரிக்குள்தான் அந்த ஊரின் வரலாறும் தொழிலும் பண்பாடும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

நரகம் என்ற பெயரை விளம்பரத்துக்காக யாரும் வைக்கவில்லை. ஊருக்குப் பின்னால் நிற்கிற ட்சுருமி மலை 1,375 மீட்டர் உயரம். அது 867-ஆம் ஆண்டு வெடித்ததை அரசவை வரலாறு பதிவு செய்திருக்கிறது. அதற்கும் முந்தைய 8-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘புங்கோ ஃபுதோகி’ என்ற நாட்டுக் குறிப்பு, இந்தப் பக்கத்தில் மண்ணும் நீரும் கொதித்துக்கொண்டிருந்ததைச் சொல்கிறது; இன்று ‘இரத்தக் குள நரகம்’ என்று காட்டப்படுகிற செந்நிற ஊற்றும் அதில் வருகிறது. உழவனுக்கு இப்படிப்பட்ட இடத்தால் என்ன பயன்? ஏர் பூட்ட முடியாது, நாற்று நட முடியாது, மாட்டை மேயவிட முடியாது. சேறு கொப்பளிக்கிறது, நிலம் சீறுகிறது, கந்தகம் நாறுகிறது. ஒதுக்கிவைத்த நிலத்துக்கு ஜனங்கள் தாங்களே இட்ட பெயர் அது.

இன்று சுற்றுலாப் பயணிகள் பார்க்கிற நரகங்கள் ஏழு. ‘கடல் நரகம்’ கண்ணைப் பறிக்கிற நீலம். 98 டிகிரியில் கொதிக்கிற நீர் இவ்வளவு குளிர்ச்சியான நிறத்தில் இருக்கலாமா என்று மனசு கேட்கும். இரத்தக் குளம் செங்காவிச் சேற்றால் சிவந்தது. அந்தச் சேற்றிலிருந்து தோல் நோய்க்கு ஒரு களிம்பு செய்து விற்கிறார்கள். ‘வெண்குள நரகம்’ மேலே வரும்போது தெளிந்த நீர். வெளிக்காற்றும் குறைந்த அழுத்தமும் பட்டதும் பாலாகத் திரிந்துவிடுகிறது. இன்னொன்றில் சாம்பல்நிறச் சேறு மொட்டைத் தலை மொட்டைத் தலையாகக் குமிழ்விட்டு உடைகிறது. மழித்த தலைத் துறவியை நினைத்து அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ‘அடுப்பு நரகம்’ பக்கத்துக் கோயில் திருவிழாவுக்கு ஆவியில் சோறு ஆக்கிய இடம். மற்றொன்றில் 1923-லிருந்து ஊற்றுச் சூட்டை வைத்து முதலை வளர்க்கிறார்கள். அரை மணிக்கு ஒருமுறை பீறிடுகிற ‘சூறாவளி நரகம்’ ஒன்று உண்டு. அதன் தலைக்கு மேலே கல்லால் ஒரு தடுப்பு கட்டியிருக்கிறார்கள். நீர் சீறி எழுந்து கல்லில் மோதித் தலைகுனிந்து விழுகிறது. தடுப்பு இல்லாவிட்டால் பார்க்க வந்தவர்கள் தலையில் கொதிநீர் கொட்டும். இந்த ஏழில் நான்கை 2009-இல் ஜப்பான் அரசு தேசிய எழில்தலங்களாக அறிவித்தது.

நெருங்க அஞ்சிய நிலத்துக்கு வேலியும் நுழைவுச்சீட்டும் வந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதை நாடறியச் செய்தவர் அபுராயா குமாஹாச்சி. 1863-இல் ஷிகோகு தீவின் உவாஜிமாவில் பிறந்தவர். ஒசாகாவில் அரிசி ஊக வணிகத்தில் பெரும்பணம் சேர்த்து, அதே வணிகத்தில் அத்தனையையும் தொலைத்து, அமெரிக்கா போய் அலைந்துவிட்டுத் திரும்பி, கடைசியில் பெப்புவில் கரையேறியவர். 1911-இல் ஒரு சின்ன விடுதி தொடங்கினார். ‘மலை என்றால் ஃபுஜி, கடல் என்றால் செத்தோ உள்நாட்டுக் கடல், வெந்நீர் என்றால் பெப்பு’ என்ற வாசகத்தை எழுதி ஃபுஜி மலையிலேயே கொண்டுபோய் நட்டார். 1928-இல் நரகங்களைச் சுற்றிக்காட்டப் பேருந்து விட்டு, அதில் இளம்பெண்களை வழிகாட்டிகளாக அமர்த்தினார். ஜப்பானில் பேருந்துச் சுற்றுலாவில் பெண் வழிகாட்டிகள் வந்தது அதுவே முதல்முறை. அவர்கள் ஒவ்வொரு நரகத்தையும் தாளக்கட்டுள்ள செய்யுள் நடையில் அறிமுகம் செய்தார்கள். 1935-இல் அவர் இறந்தார். இன்று ரயில் நிலைய வாசலில் இரண்டு கையையும் தூக்கியபடி ஒரு சிலையாக நின்று வருகிறவர்களை வரவேற்கிறார்.

வணிக புத்தி என்று இதைச் சுலபமாக ஒதுக்கிவிடலாம். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. அபுராயா நரகத்தின் சூட்டை ஒரு டிகிரிகூடக் குறைக்கவில்லை. மனிதன் எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதை மட்டும் காட்டினார். பத்தடி தள்ளி ஒரு வேலி போட்டதும், ஆயிரம் ஆண்டுப் பயம் அழகாக மாறிவிட்டது.

ஆனால் சூட்டை ஓர் அளவுக்குள் கொண்டுவருவதில் வேலி முதல் படிதான். தள்ளி நில், பார், போ என்பதோடு அது முடிந்துவிடும். கிட்டப் போய்க் கையாளுவது அடுத்த படி. அபுராயாவுக்குச் சுமார் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே பெப்பு அதில் கால் வைத்துவிட்டது.

கன்னாவா என்ற பகுதியில் ஒரு நீராவிக் குளியலறை உண்டு. அமிதாப புத்தரின் நாமத்தை ஓதியபடி நாடெல்லாம் நடந்த இப்பென் என்ற துறவி 1276-இல் இங்கு வந்து, சீறிக்கொண்டிருந்த நரகத்தை அடக்கி, அதை அமைத்தார் என்பது ஊர் வழக்கு. குனிந்து நுழைகிற சிறு வாசல். உள்ளே இருட்டும் வெக்கையும். தரையில் செகிஷோ என்ற மூலிகையைப் பரப்பியிருப்பார்கள். நம்மூர் வசம்பின் இனத்தைச் சேர்ந்த செடி. அதன்மேல் மல்லாந்து படுக்க வேண்டும். கீழிருந்து ஆவி ஏற ஏற மூலிகை வாசம் மூக்கை நிறைக்கும். சுமார் பத்து நிமிடத்தில் வெளியிலிருந்து பணியாளர் குரல் கொடுத்துவிடுவார்.

இப்பென் நரகத்தை அடக்கினார் என்ற கதையை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: அவர் அதன் வாயை அடைக்கவில்லை. அடைத்திருந்தால் அது வேறொரு பக்கம் பிளந்துகொண்டு வந்திருக்கும். ஓர் அறையைக் கட்டி, இந்த வழியாகப் போ என்று ஆவிக்கு வழிவிட்டார். அடக்குவதற்கும் அடைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவரைத்தான் ஊர் எழுநூறு ஆண்டு நினைவில் வைத்திருக்கும்.

கன்னாவாவில் விடுதி முற்றங்களில் ஆவி அடுப்புகளைப் பார்க்கலாம். நரக ஆவியில் வேகவைத்த உணவு அந்த ஊரின் பேர்போன சாப்பாடு. மூங்கில் கூடையில் முட்டை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பூசணி, மீன், நண்டு என்று அடுக்கி உள்ளே இறக்கி மூடிவிட வேண்டும். விறகும் வேண்டாம், கேஸும் வேண்டாம். எதற்கு எத்தனை நிமிடம் என்று தெரிந்திருந்தால் போதும். முன்பெல்லாம் நாற்று நட்ட களைப்பிலும் அறுவடை முடிந்த களைப்பிலும் உழவர் குடும்பங்கள் அரிசியைக் கட்டிக்கொண்டு இங்கே வரும். அறையை வாடகைக்கு எடுத்து, தாமே சமைத்து, நாளுக்கு இரண்டு மூன்று வேளை குளித்து, வாரக்கணக்கில் தங்கி, கூனிப்போன முதுகை நிமிர்த்திக்கொண்டு ஊர் திரும்பும். ‘தோஜி’ என்பது அந்த வழக்கத்தின் பெயர். அவர்கள் சமையலுக்கு வாங்கிய கூடைகளோடு பெப்புவின் மூங்கில் தொழிலும் வளர்ந்தது. அது வளர்ந்து எந்த உயரத்துக்குப் போனது என்றால், பெப்புவின் ஷோனோ ஷோஉன்சாய் 1967-இல் ‘வாழும் தேசியச் செல்வம்’ என்ற தகுதியைப் பெற்றார். மூங்கில் கலைஞர் ஒருவருக்கு அது கிடைத்தது அப்போதுதான் முதல்முறை.

அந்த மூங்கில் இன்று இன்னொரு வேலையும் செய்கிறது. 98 டிகிரி நீரைக் குளிக்கிற பதத்துக்குக் கொண்டுவரச் சுலபமான வழி பச்சைத்தண்ணீர் கலப்பது. கலந்தால் ஊற்றின் உப்பும் தாதுவும் நீர்த்துப்போகும். கன்னாவாவில் இருக்கும் ஹியோதான் என்ற பழைய குளியலகமும் மாகாணத்து மூங்கில் நிபுணர்களும் சேர்ந்து ஒரு சாதனம் செய்தார்கள். மூங்கில் கிளைகளை உயரமாக அடுக்கித் தொங்கவிட்டு, உச்சியிலிருந்து கொதிநீரை விடுகிறார்கள். நீர் கிளைக்குக் கிளை மெல்லிய படலமாக வழிந்து சொட்டுகிறது. இறங்குகிற வழியிலேயே காற்று சூட்டை வாங்கிக்கொள்கிறது. கீழே வந்து சேரும்போது இன்னும் கொஞ்சம் பொறுத்தால் குளிக்கலாம் என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. நம் டீ மாஸ்டர் கையை உயர்த்தி ஆற்றுகிற அதே சூத்திரம். ஒரு சொட்டுப் பச்சைத்தண்ணீர் சேர்க்காமல் நரகம் தன் குணம் கெடாமல் ஆறிவிடுகிறது.

இன்னும் பொறுமையான ஒரு வேலையைப் பார்க்க மியோபன் மேட்டுக்கு ஏற வேண்டும். அங்கே தரையைத் தொடுகிற கூரையோடு வைக்கோலும் நாணலும் வேய்ந்த குடிசைகள் வரிசையாக நிற்கும். யாரும் குடியிருக்கிற வீடுகள் இல்லை அவை. உள்ளே கல் பாவிய தரை. அதன்மேல் அந்தப் பக்கத்தில் கிடைக்கிற நீலங்கலந்த களிமண்ணைத் தட்டிப் பரப்பியிருப்பார்கள். அடியிலிருந்து கந்தக ஆவி களிமண்ணுக்குள் ஊறி ஏறுகிறது. ஆவியும் மண்ணும் வினைபுரிந்து, தரையெங்கும் உறைபனி பூத்த மாதிரி மெல்லிய ஊசிப் படிகங்கள் முளைக்கின்றன. நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். நாற்பது முதல் அறுபது நாள் வரை காத்திருந்து சுரண்டி எடுக்கிறார்கள். ‘யு நோ ஹானா’, வெந்நீர்ப் பூ என்று பெயர். வீட்டுத் தொட்டியில் கரைத்தால் ஊற்றுக் குளியலின் சாயல் கிடைக்கும்.

அந்தக் கூரையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஓடோ தகரமோ போட்டால் ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாக விழும். ஒரே இரவில் பூவெல்லாம் கரைந்துவிடும். வைக்கோல் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுகிறது, சூட்டை உள்ளே நிறுத்திவைக்கிறது. ஆவி வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. சூடு வேண்டும், ஆனால் முட்டக் கூடாது. 17-ஆம் நூற்றாண்டில் படிகாரம் எடுப்பதற்காகத் தொடங்கிய தொழில் இது. மேனாட்டு ரசாயனங்கள் வந்ததும் படிகாரத்துக்குக் கிராக்கி போய்விட்டது. அதே குடிசையில் குளியலுக்கான பூவை எடுக்கத் தொடங்கினார்கள். 2006-இல் இந்தக் கைப்பக்குவத்தை ஜப்பான் அரசு முக்கியமான நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. எரிமலையின் மூச்சை ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் வாங்கத் தெரிந்த கை, போற்ற வேண்டிய கைதான்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நாம் சொல்கிறோம். பெப்பு அந்தப் பழமொழியை மறுமுனையிலிருந்து வாழ்ந்து காட்டுகிறது: அளவுக்குள் வந்தால் நஞ்சும் மருந்து. கேட்க எளிதாக இருக்கிறது. அந்த அளவை யார் வைப்பது என்பதுதான் கேள்வி. கூரை வேய்பவனும் மூங்கில் அடுக்குபவனும் கைத்தொழில்காரர்கள். அவர்களுக்கு அளவு தொழிலோடு வருகிறது. தொட்டியில் இறங்குகிற சாதாரண ஆளுக்கு அதை யார் கற்றுக்கொடுக்கிறார்கள்?

அதற்கு விடை நரகங்களில் கிடைக்காது, தெருக்களில் கிடைக்கும். பெப்புவில் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுக் குளியலகங்கள் உண்டு. சில நகராட்சியுடையவை. நிறைய அந்தந்தத் தெருக்காரர்களுடையவை. 1879-இல் தொடங்கி, 1938-இல் கட்டிய வளைகூரைக் கட்டடத்தில் இன்றும் நடக்கிற தாகெகவாரா குளியலகம் படமெடுக்கிறவர்களுக்குப் பிடித்தது. அங்கே வெந்நீரால் சூடேறிய மணலில் படுக்கவைத்துப் புதைப்பார்கள். மண்வெட்டியோடு நிற்கிற பெண் கழுத்துவரை மணலை அள்ளி மூடிவிட்டு, நேரம் ஆனதும் எழச் சொல்வார். புதைந்து கிடக்கிறவன் கையைக்கூட அசைக்க முடியாது. அவனுடைய அளவு அப்போது இன்னொருவர் கையில்.

ஆனால் என் மனசில் நிற்பது பேர் தெரியாத தெருக் குளியலகம்தான். மாடியில் தெருக்காரர்கள் கூடிப் பேசுகிற சங்கக் கூடம். கீழே, பெரும்பாலும் தெருமட்டத்துக்கும் சற்றுத் தாழ, குளியலறை. வாசலில் காசு போட ஒரு பெட்டி. காவலுக்கு ஆள் இல்லாத இடமும் உண்டு. வெளியாளுக்கு நூறு யென்னோ சில நூறு யென்னோ. தெருக்காரர்கள் மாதக் கட்டணம் கட்டுவார்கள். உடை மாற்றுகிற இடத்துக்கும் தொட்டிக்கும் நடுவே பல இடங்களில் சுவரே இருக்காது. சுவரோரம் மருந்துப் புத்தருக்கு ஒரு சின்ன மாடம், அதில் பூ. நடுவில் தொட்டி. ஷவர் கிடையாது, பல இடங்களில் குழாயும் கிடையாது. தொட்டியின் விளிம்பைச் சுற்றி உட்கார்ந்து, கிண்ணத்தில் மொண்டு மொண்டு உடம்பில் ஊற்றித் தேய்த்துக் கழுவிய பிறகுதான் இறங்க வேண்டும். சோப்பு நுரை தொட்டியில் தெறிக்கக் கூடாது. துண்டு நீரில் படக் கூடாது. நுழையும்போது ஒரு வணக்கம், போகும்போது ஒரு வணக்கம்.

சூடு பொறுக்கவில்லை என்றால் பச்சைத்தண்ணீர் திறக்கலாம். ஆனால் ஏற்கெனவே அமர்ந்திருக்கிற பெரியவரைக் கேட்டுவிட்டுத் திறக்க வேண்டும். அவர் அந்தத் தெருவில் பிறந்து, அந்தச் சூட்டிலேயே அறுபது எழுபது ஆண்டு குளித்தவராக இருப்பார். 44 டிகிரி அவருக்குப் பதமாக இருக்கும். வந்தவருக்கு 41 போதும். அந்த மூன்று டிகிரியை இரண்டு பேரும் பேசித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். அவர் கொஞ்சம் ஆறவிடுவார், வந்தவர் கொஞ்சம் பொறுப்பார். உடுப்பும் பதவியும் அடையாள அட்டையும் சுவர்ப் பலகையில் மடித்துக் கிடக்கிற நேரத்தில், அரசியல் சட்டம் எதுவும் துணைக்கு இல்லாமல் அன்றாடம் இந்தப் பேச்சுவார்த்தை நடக்கிறது. 2000-இல் மலைமேல் ரிட்சுமெய்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகம் வந்தது. அதன் மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். வகுப்பறையில் கிடைக்காத ஒரு பாடத்துக்கு மலையிறங்கி ஏதாவது ஒரு தெருத் தொட்டிக்குப் போனால் போதும்.

ஒருவரின் உடம்போடு நிற்கிற அளவு இது. ஊரின் அளவு என்று ஒன்று இருக்கிறது, அதுதான் கடினம்.

பெப்புவின் நீர் எங்கிருந்து வருகிறது? மலையில் பெய்த மழை மண்ணில் இறங்கி, 250 முதல் 300 டிகிரி சூடுள்ள ஆழத்தைத் தொட்டு, பாறை இடுக்குகளில் தாதுக்களைக் கரைத்துக்கொண்டு திரும்பி மேலே வருகிறது. அதற்குச் சுமார் ஐம்பது ஆண்டு ஆகிறது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். இன்று பெப்புவில் குளிக்கிறவன் அப்பா காலத்து மழையில் குளிக்கிறான். இன்று பெய்கிற மழை யாருக்கு என்பதும் அதே கணக்கில் தெரிந்துவிடும்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆழத் துளையிடும் முறை இந்த ஊருக்கு வந்தது. அதுவரை தானாக ஊறிய இடத்தில் குளித்தவர்கள், வேண்டிய இடத்தில் தோண்டத் தொடங்கினார்கள். துறைமுகமும் நீராவிக் கப்பலும் ஒசாகா பக்கத்துக் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கின. விடுதி எழுந்த இடமெல்லாம் ஒரு துளை. கீழே இருப்பதோ எல்லாருக்கும் பொதுவான ஒரே நீர்த்தேக்கம். இங்கே ஒருவர் ஆழமாக இழுத்தால் அங்கே ஒருவருக்கு வரத்துக் குறையும். அவர் இன்னும் ஆழமாகத் தோண்டுவார். யாரும் திருடவில்லை, அவரவர் மனையில்தான் தோண்டினார்கள். ஆனாலும் ஊர் மொத்தமும் தன் காலடியைத் தானே பறித்துக்கொள்ள அது போதும். 1948-இல் வெந்நீர் ஊற்றுச் சட்டம் வந்து, தோண்ட அனுமதி வேண்டும் என்றானது. 1968-இல் ஒய்தா மாகாணம் பெப்புவின் சில பகுதிகளைச் சிறப்புப் பாதுகாப்புப் பகுதிகளாக்கி, அங்கே புதுத் துளைகளுக்குத் தடை போட்டது. ஊரில் விடுதிகள் பெருகிக் கூட்டம் அலைமோதிய காலம் அது. வியாபாரம் உச்சத்தில் ஏறுகிற நேரத்தில் போட்ட தடை என்பதுதான் அதன் பெருமை.

மின்சாரத்தின் கதையும் இப்படியே. ஜப்பானில் முதன்முதலாக நிலச்சூட்டிலிருந்து மின்சாரம் எடுத்துப் பார்த்தது பெப்புவில்தான். 1925-இல் கிடைத்தது 1.12 கிலோவாட். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு கழித்து அந்தச் சின்னப் பொறி பெரிய விவாதமாகிவிட்டது. 2011 அணுஉலை விபத்துக்குப் பிறகு மாற்று மின்சாரத்துக்கு அரசு நல்ல விலை தரத் தொடங்கியதும், பெப்புவில் ஊற்றுச் சூட்டை நம்பிச் சிறு மின்நிலையங்கள் முளைத்தன. புகையில்லாத மின்சாரம் வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. அதற்காகத் தொட்டிகள் ஆறிவிடக் கூடாது என்பதிலும் நியாயம் இருக்கிறது. நகராட்சி விதிகள் கொண்டுவந்தது. அண்டை அயலாரிடம் விளக்கிச் சொல்லாமல் தொடங்கக் கூடாது என்றது. தொட்டியருகே இரண்டு பேர் மூன்று டிகிரிக்குப் பேசிக்கொண்ட அதே பேச்சு, இப்போது ஊரளவில்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. பற்றாக்குறை வந்தால் எவரும் அளவு பார்ப்பார். குடம் பாதி இருந்தால் குழந்தைகூடச் சிந்தாமல் எடுக்கும். அதற்குப் பண்பாடு தேவையில்லை, பயம் போதும். நிறைந்து வழிகிற இடத்தில்தான் மனிதனுக்குச் சோதனை. நிமிடத்துக்கு 80,000 லிட்டர் கேட்காமல் வந்து கொட்டும்போது, ‘எடுத்தால் என்ன, வந்துகொண்டேதானே இருக்கிறது’ என்ற குரலுக்கு எதிர்க்குரல் எளிதில் எழாது. நிலத்தடி நீர், கடல் மீன், ஆற்று மணல் என்று மனிதன் இழந்தவற்றைப் பட்டியல் போட்டால், பெரும்பாலானவை ஒரு காலத்தில் தீராது என்று நினைத்தவைதாம். நிறைவு நம்மிடம் எப்போதும் ஒரு பொய்யைச் சொல்கிறது: நான் உனக்காகவே வருகிறேன் என்று.

பெப்பு அந்தப் பொய்யை முழுக்க வென்றுவிட்டது என்று சொல்ல முடியாது. பெருவிடுதிகள் வந்தன, கூட்டச் சுற்றுலா தேய்ந்தது, சில கட்டடங்கள் வெறிச்சோடின. அதைவிடக் கவலை தருவது வேறு. தெருக் குளியலகங்களில் கூட்டிக் கழுவிக் கணக்குப் பார்க்கிறவர்கள் முதியவர்கள். ஊர் மூப்படைய மூப்படைய, வீட்டுக்கு வீடு குளியலறை வந்துவிட, உறுப்பினர்கள் குறைகிறார்கள். மூடிவிட்ட குளியலகங்களும் உண்டு. அங்கெல்லாம் ஊற்று வற்றிவிடவில்லை. தரையைத் தேய்த்துக் கழுவ ஆள் வற்றிப்போனார்கள். சட்டப் புத்தகத்தில் அளவை எழுதிவைக்கலாம். தினமும் அதைக் கடைப்பிடிக்கிற ஆட்கள் இல்லாவிட்டால் அது எண்ணாகத்தான் கிடக்கும். வசந்தகாலம் தொடங்கும்போது அந்த ஊரில் வெந்நீர்த் திருவிழா நடக்கிறது. ஊற்றுக்கு நன்றி சொல்லிப் பல குளியலகங்களை இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள். விலை போட்டு விற்கத் தெரிந்த ஊர், விலை போட முடியாத ஒன்றைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறோம் என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது தனக்குத்தானே சொல்லிக்கொள்வது நல்ல வழக்கம்.

பூமிக்கு நம்மீது கோபமும் இல்லை, கருணையும் இல்லை. அது தன் சூட்டை வெளியே விடுகிறது, அவ்வளவுதான். அதில் விழுந்தவனுக்கு நரகம். ஆற வைத்து, பகிர்ந்து, நேரம் பார்த்து எழுந்தவனுக்கு மருந்து. செல்வம், அதிகாரம், அறிவு, அன்பு என்று நம் வாழ்க்கையில் கொதித்துக்கொண்டு மேலே வருகிற எதற்கும் இதே விதிதான். அவற்றை நல்லவை கெட்டவை என்று தரம் பிரிப்பதில் நாம் நிறைய காலம் செலவழிக்கிறோம். எந்தச் சூட்டில், யாரோடு, எவ்வளவு நேரம் என்று கேட்கிற பழக்கத்தை வளர்ப்பதில் குறைவாகவே செலவழிக்கிறோம். பெருகி வருவது இயற்கையின் குணம். அதில் நம் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. எனக்கு இவ்வளவு போதும், மிச்சம் அடுத்தவருக்கு என்று நிறைந்த தொட்டியிலிருந்து எழத் தெரிவது மட்டுமே மனிதன் தானாகச் சம்பாதித்தது.